மூன்று முன்பல்லும் ஒரு இன்சூரன்ஸ் புத்தகமும்

கண்ணுகளா, நீங்கள் ரெண்டு பேரும் வேலை செய்கிற கம்பெனியில் உங்களுக்கும் ஒரு இன்சூரன்ஸ் புத்தகம் கொடுத்திருப்பார்கள். அட்டையில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். வாங்கின அன்றைக்கே எங்கேயாவது போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். உங்கம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு மேலே, பழைய காலண்டருக்கு அடியில்.

போன தை மாதத்திலிருந்து வைகாசி வரைக்கும் எனக்கு நடந்ததை உங்களிடம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ரெண்டு பேரும் சின்னதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் எஸ்டேட் களத்தில் நான் என்ன செய்வேன் என்று சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பழத்தோலை உரித்துக் கழுவின காப்பிக்கொட்டையைக் களத்தில் காயப் போடுவோம். காய்ந்ததா இல்லையா என்று யாராவது சொல்ல வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மூட்டைக்குள் பூசணம் பிடித்துவிடும். அதிகம் காய்ந்தால் எடை குறையும், முதலாளி கத்துவார். அதைச் சொல்கிற ஆள் நான்தான். கொட்டையை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். பல் பதிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில். பதியாமல் கல் மாதிரி நின்றால் மூட்டை பிடிக்கலாம். ஒரு நாளைக்கு இருபது முப்பது இடத்தில் கடிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கடித்திருக்கிறேன். ஈரம் பார்க்கிற மிஷின் வந்த பிறகும் கணக்கு எழுதுகிற ரைட்டர் மிஷினைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒருக்கா கடிச்சுப் பாத்துருங்க" என்றுதான் சொல்வார்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலையில் ஒரு கொட்டையோடு ஒரு பொடிக்கல்லும் சேர்ந்து வாய்க்குள் போய்விட்டது. சத்தம் எனக்கு மண்டைக்குள் கேட்டது. மேலே நடுவில் இருக்கிற ரெண்டு பல்லும் பாதியில் உடைந்துபோயின. பக்கத்துப் பல் ஆடியது. ரத்தத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் கொட்டையைக் கிளறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பழக்கம் அப்படி. காலையில் பேர் கூப்பிடும்போது "இன்னிக்குக் காலையிலிருந்து வயித்துவலிங்க" என்று எவளாவது சொன்னால் ரைட்டர் சிரிப்பார். "நேத்து மாரியம்மன் கோயில்ல ஆடும்போது வலிக்கலையா? இன்னிக்கு மேட்டுக்காட்டுக்குப் போகச் சொன்னதும் வலி வந்துருச்சாக்கும்?" எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் எங்கள் லைன் வீடுகளில் எவருக்கும் இன்றைக்கு வலி வராது. எது வந்தாலும் "அது நொம்ப வருஷமா இருக்குதுங்க" என்றுதான் சொல்வோம். பழைய வலி என்றால் நம்புவார்கள். புது வலி என்றால் பொய். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் பொறுத்தேன். கன்னம் வீங்கி ஒரு கண் மூடுகிற மாதிரி ஆனதும் பயம் வந்தது. அப்போதுதான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. கம்பெனி எஸ்டேட்டை வாங்கின பிறகு நிரந்தர ஆட்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் போட்டார்கள், அதில் பல்லும் சேர்த்தி என்று கூட்டம் போட்டுச் சொன்னது லேசாக நினைவிருந்தது. பின்பக்கத்தில் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் இருந்தது. சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி அதில் இருந்தது. புத்தகத்தோடு கொடுத்திருந்த இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. உங்களைவிட ரெண்டு வயசு கூட இருந்தால் அதிகம். விளக்கை வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை நாளாங்கய்யா இப்படி இருக்கு?"

"அது நொம்ப வருஷமாவே இப்படித்தானுங்க."

"உடைஞ்சதா, இல்ல சொத்தையா?"

"என்னமோங்க. பழைய பல்லுங்க. அதுபாட்டுக்குப் போச்சுங்க."

அவள் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். அன்றைக்கே மூன்றையும் எடுத்துவிட்டாள். எடுத்ததற்கு நான் எதுவும் கட்டவில்லை, அட்டையே போதும் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஈறு ஆறினதும் பல்செட் வைக்கலாம், அதற்கு முன்கூட்டி அனுமதி கேட்டு அனுப்புகிறோம், ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றாள். சரி, ஒரு மாதம்தானே என்று பஸ் ஏறினேன். மலைப்பாதையின் இருபது வளைவும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொண்ணு, எப்போதும்போல நீ போன் பண்ணினாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் சாமி என்று சொன்னேன். நான் சொன்னதாக நினைத்தது அதுதான். எனக்கே அது வேறு யாரோ பேசின மாதிரி கேட்டது. முன்பல் இல்லாவிட்டால் 'ச' வராது கண்ணு, காற்றுதான் வரும். 'த' வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"என்னுங்கப்பா, பேச்சு ஒரு மாதிரி இருக்குது?"

"சளி."

அடுத்த வாரமும் சளி என்றேன். அதற்கு அடுத்த வாரம் நீ, "பாப்பாகிட்ட அப்பறமாக் குடுக்கறேனுங்கப்பா, தூங்குறா" என்றாய். பின்னால் பாப்பா 'தாத்தா தாத்தா' என்று கத்துவது எனக்குக் கேட்டது.

பங்குனி பிறந்ததும் தம்பி கூப்பிட்டான். ஓசூரில் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று பேசினான். "அப்பா, நேரா விஷயத்துக்கு வர்றேன். அக்கா அழுவுது. அம்மா போனதுக்கப்பறம் தனியா உக்காந்து குடிக்கப் பழகிட்டீங்கன்னு சொல்லுது. நாக்கு குழறுதாமா. இருந்தா இருக்கட்டும், ஆனா குடிச்சிட்டு பாப்பாகிட்டப் பேசாதீங்க. மாமா ஊட்டுல எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க."

நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பல் போய்விட்டது என்பது ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையையும் அந்த வாயால்தானே சொல்ல வேண்டும். குழறினால் அவன் இன்னும் நம்புவான் என்று தோன்றியது. அதைவிட உண்மை ஒன்று இருக்கிறது. உங்கம்மா காரியம் முடிந்த அன்றைக்கு நீங்கள் ரெண்டு பேரும் திருப்பூருக்கு வாங்க, ஓசூருக்கு வாங்க என்று கூப்பிட்டீர்கள். என்னை நானே பார்த்துக்கொள்வேன், நான் ஒன்றும் கிழவன் இல்லை என்று சொன்னவன் நான். பல் போன வாயோடு அதை எப்படித் திருப்பிச் சொல்வது? பல் வந்துவிடட்டும், முழு வாயோடு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னேன். அவன் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வருவது நின்றது.

தனியாக இருப்பது எனக்குப் பழகித்தான் இருந்தது. ஆனால் பேசாமல் இருப்பது வேறு. கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டுவேன். தலைச்சோலையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், போகவில்லை. பந்தியில் எதிரில் உட்காருகிறவர் பார்ப்பாரே. களத்தில் துண்டை வாய்க்கு மேலே கட்டிக்கொண்டேன், தூசி என்று நினைத்தார்கள். கடைவாய்ப் பல்லால் கடித்துப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று கையால் காட்டினேன். களி கிண்டிச் சாப்பிட்டால் பல் வேண்டாம். மூன்று வேளையும் களி. ஒரு நாள் வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவும்போது, திங்கட்கிழமைக்குப் பிறகு நான் வாயைத் திறந்து யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்று தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். ஆமாம், ஒரு சொல்கூட இல்லை.

ஒரு மாதத்தில் வருவதாகச் சொன்ன கடிதம் ஆபீசுக்கு வந்தது. ரைட்டர் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பல்செட்டுக்கு அனுமதி இல்லை. இன்சூரன்ஸ் தொடங்குவதற்கு முன்பிருந்தே இருந்த பழுது என்று நோயாளியே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகையால் இல்லை.

"என்னுங்க எழுதியிருக்குது?" ரைட்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "துண்டை எடுங்க பாக்கலாம்."

எடுத்தேன்.

"அட சாமி! இது எப்பப் போச்சு?"

"பொங்கலுக்கப்பறம். களத்துல. கல்லு."

"பின்ன ஏன் பல வருஷம்னு சொன்னீங்க?"

நான் துண்டை மறுபடி வாய்க்கு மேலே கட்டிக்கொண்டேன். அவருக்கு என்னமோ புரிந்த மாதிரி இருந்தது. பேனாவை மூடினார், திறந்தார்.

"என்கிட்டச் சொல்றதை அவங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்க" என்றார். அப்புறம் சிரித்தார். "இத்தனை வருஷம் எனக்குப் பழைய வலியாவே குடுத்தீங்களேப்பா எல்லாரும். நானும் நம்பினேன் பாருங்க."

"ஜூன் கடைசியில நான் ரிட்டயருங்க" என்றேன். "அதுக்கப்பறம் இந்த அட்டை செல்லாதுங்களே."

"செல்லாது. அதுக்குள்ள பண்ணணும். அந்தப் புஸ்தகத்தைப் படிங்க. எனக்குப் படிக்க நேரமில்ல, பொய் சொல்லல. மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க."

அன்றைக்குத்தான் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க எடுத்தேன். தமிழில்தான் இருந்தது. ஆனால் எந்த ஊர்த் தமிழோ தெரியவில்லை. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும், அதற்குள் நாலு இடத்தில் 'மேற்கூறிய' வரும். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் என்று படித்தேன். படிக்கப் படிக்க அது பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் கேட்கிற பெரிய கேள்வி எவ்வளவு வலிக்கிறது என்பது இல்லை, எப்போதிருந்து என்பதுதான். அட்டை கையில் வருவதற்கு முன்னால் போன பல்லுக்குப் புதுப் பல் வைக்க மாட்டார்கள். வந்த பிறகு அடிபட்டு உடைந்தால் வைப்பார்கள், பாதி அவர்கள், பாதி நாம். சொத்தைப் பல்லுக்கு என்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அடிபட்டதற்குக் காத்திருக்க வேண்டாம். அப்படியென்றால் பாருங்கள், நான் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். மாசிக் கடைசியில் எனக்குப் பல் வந்திருக்கும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை பல்லைச் சுத்தம் செய்து, சொத்தை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்களாம், நமக்குச் செலவே இல்லை. அந்த வருஷம் போகாவிட்டால் அது போனதுதான், அடுத்த வருஷத்துக்குச் சேராது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஆள் போனதில்லை. வலிக்காத பல்லைக் காட்ட யார் சேலத்துக்குப் போவார்கள்?

கடைசிப் பக்கத்தில் மேல்முறையீடு இருந்தது. கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள் எழுதிக் கேட்கலாம், அத்தாட்சி வைக்க வேண்டும். எனக்குப் பல் இருந்தது என்பதற்கு நான் எங்கே அத்தாட்சிக்குப் போவது? போட்டோ எடுக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டு நிற்கிறவன். ரெண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எஸ்டேட் நர்ஸம்மாவிடம் வேறு வேலையாகப் போனபோது, ரைட்டர் சொல்லிக் கேள்விப்பட்டு அவளே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, இன்சூரன்ஸ் போட்டப்ப பல்லு டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் பொண்ணுங்க வந்து எல்லாருக்கும் பல்லு எண்ணுச்சுங்களே, நீங்க வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சீங்களே, அந்த லிஸ்ட்டு என்கிட்டதான இருக்குது?"

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். என் பேருக்கு நேரே பல் வரிசை மாதிரி ஒரு படம். கீழ்க்கடைவாயில் ஒன்றுக்கு மட்டும் பெருக்கல் குறி. மேலே முன்வரிசை முழுக்கச் சுத்தமாக இருந்தது. அந்த வரிசைமேல் விரலை வைத்து ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பார்த்தேன். யாரோ ஒரு படிக்கிற பொண்ணு, என் வாய்க்குள் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அதை நகல் எடுத்துக்கொண்டேன். கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாம் தடவை எழுதினதை அனுப்பினேன். பொங்கலுக்கு நாலாம் நாள், காலை பத்து பத்தரை இருக்கும், களத்தின் கிழக்கு மூலையில் என்று எழுதினேன். டாக்டரம்மாவிடம் நான் சொன்னது பொய், அவள்மேல் தப்பில்லை, எங்களுக்குப் புது வலி சொல்லிப் பழக்கமில்லை என்றும் எழுதினேன். ரைட்டர் படித்துப் பார்த்தார். "அன்று களத்தில் வேலையில் இருந்தார்" என்று அவர் பங்குக்கு ஒரு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். பழக்கமில்லை என்கிற வரியை அடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சித்திரை முழுக்கக் காத்திருந்தேன். தினமும் ஆபீஸ் வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். ரைட்டர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுவார், இல்லை என்று. ஜூனுக்கு எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டே நடப்பேன். உங்களுக்கு நானாக ஒரு போனும் பண்ணவில்லை. கையில் எடுப்பேன், 'சாமி' என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன், காற்று வரும், வைத்துவிடுவேன்.

அனுமதி வந்தது. வைகாசி பிறந்து ஒரு வாரம். ஊரெல்லாம் மலர்க்கண்காட்சிக்கு மலை ஏறிக்கொண்டிருந்தது, நான் ஒருத்தன் இறங்கிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் வண்டி அடைத்துக்கொண்டதால் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக விட்டார்கள். சேலம் போய்ச் சேர மத்தியானம் ஆனது. அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள் என்று ரெண்டு தடவை போனேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்கய்யா" என்றாள். பார்த்தேன். பக்கத்தில் காட்டுவதற்கு ஆள் இல்லை. "நல்லாருக்குதுங்க" என்று அவளிடமே சொன்னேன். அதுவும் குழறியது.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். "முன்னைக்கு இப்பத்தான் மோசமா வருதுங்க!"

"புதுசுங்கய்யா, நாக்கு பழகணும். சத்தமாப் படிங்க. தினம் அரைமணி நேரம், பேப்பரோ எதுவோ."

வீட்டில் பேப்பர் இல்லை. இருந்த ஒரே புத்தகம் அதுதான். சாயங்காலம் ஆனதும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, 'மேற்கூறிய காப்பீட்டுதாரர்' என்று சத்தமாக வாசிப்பேன். ச, த வருகிற இடமெல்லாம் திரும்பத் திரும்ப. சிகிச்சை. தகுதி. சேதம். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் சுவரைத் தட்டினாள்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுக்கு யாரு வந்திருக்காங்க? நாலு நாளாப் பேச்சு சத்தம் கேக்குதே?"

"யாருமில்லீங்க. நான்தான்."

"தனியாவா பேசறீங்க?" சுவரை இன்னொரு தடவை தட்டினாள். "பேசுங்க பேசுங்க. சும்மா கெடக்குற ஊட்டுல சத்தம் கேட்டா நல்லாத்தான் இருக்குது."

பத்து நாள் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னைக் கூப்பிட்டேன், பொண்ணு. மூன்று தடவை அடித்து நின்றது. நாலாவது தடவை எடுத்தாய்.

"சொல்லுங்க." அப்பா என்று சொல்லவில்லை நீ.

"சாமி, சாப்பிட்டியா?"

மறுபடியும் கேட்டேன்.

"சாப்பிட்டியா கண்ணு? பாப்பா சாப்பிட்டாளா?"

"இன்னிக்கு நல்லாப் பேசறீங்க" என்றாய். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சந்தோஷம் இல்லை அதில், என்னை அளந்து பார்த்தாய்.

"என்னிக்கும் நல்லாத்தான் இருந்தேன். முன்பல்லு மூணு போச்சு. இப்பச் செட்டு வச்சிருக்கேன்."

"வீடியோல வாங்க."

எனக்கு அது தெரியாது, நீதான் எதை அழுத்த வேண்டும் என்று சொன்னாய். முகம் வந்தது. நான் செட்டைக் கழற்றிக் காட்டினேன். மறுபடியும் மாட்டிக் காட்டினேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். பாப்பா எட்டிப் பார்த்து, "தாத்தா, இன்னொருக்கா கழட்டு" என்றாள். கழற்றினேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. எடுத்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களாப்பா?"

"சொல்லியிருக்கலாம்."

"நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டனே. அத்தைகிட்ட, மாமாகிட்ட. எங்கப்பா குடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு."

சொன்னது நீ, சொல்ல வைத்தது நான். நான் பேச்சை மாற்றி, "உங்க கம்பெனியில இன்சூரன்ஸ் புஸ்தகம் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இப்ப அதுவா முக்கியம்?" என்று திட்டினாய். திட்டினது நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். தண்ணி லாரி வராதது, பாப்பா ஸ்கூலில் பென்சிலைத் தின்றது, எல்லாம் சொன்னாய். உங்கம்மா போன பிறகு நாம் அத்தனை நேரம் பேசியதே இல்லை.

போனை வைத்த பிறகு வீடு மறுபடி பழையபடி ஆகிவிட்டது. காது சூடாக இருந்தது. செட்டைக் கழற்றிக் கழுவினேன்.

அடுத்த மாதம் பாப்பா காதுகுத்துக்கு வருகிறேன். உன் மாமியார் வீட்டில் இன்னமும் ரெண்டு மூன்று பேர் என்னைக் குடிகாரன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீ எதுவும் அவர்களிடம் விளக்க வேண்டாம். பந்தியில் அவர்களுக்கு எதிரில் என்னை உட்கார வை. நானே பேசிக்கொள்கிறேன்.